ஓவராயில்

இந்த சைக்கிளை உங்களுக்கு யாரு சார் குடுத்தது?

இல்ல, சும்மா கேட்டேன். விடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன். நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கொஞ்சம் ஆடும், ஆனா விழாது. ஈபி ஆபீசுக்கு மாத்தலாகி வந்த புது சார் நீங்கதான? ஆவுடை வீட்டு மாடியில குடியிருக்கிய. தெரியும். சின்ன ஊரு சார் இது. உங்க வீட்டுல காலையில என்ன குழம்புன்னுகூடச் சொல்லிருவாங்க.

அப்போ ஆவுடைதான் குடுத்திருக்கா. தொழுவத்துல சும்மா கெடக்கு, ஆபீசுக்குப் போக வர வச்சுக்கிடுங்கன்னு சொல்லியிருப்பா. பின் சக்கரத்துல சத்தம் வருது, எந்தக் கடைக்கு வேணும்னாலும் கொண்டு போங்க, ஆத்துச் சரிவுல இருக்கிற கடைக்கு மட்டும் போவாதியன்னும் சொல்லியிருப்பாளே.

என்னது, இங்கதான் கொண்டு போகச் சொன்னாளா?

நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். நம்பிராசன் கடைன்னு பேரைச் சொன்னாளா, இல்ல அண்ணன் கடைன்னு... சரி. சரி சார். திறந்து பாத்துட்டு அவரு என்ன சொல்லுதாருன்னு எனக்கு வந்து சொல்லுங்கன்னாளா. ம்.

அவ என் கூடப்பிறந்த தங்கச்சி சார். எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான். இந்த சைக்கிள் அவ வீட்டுக்காரர் ஓட்டுனது. எங்க மாப்ள, குத்தாலிங்கம்னு பேரு. இந்தச் சரிவுலதான் போய்ச் சேந்தாரு. கீழ பாலம் தெரியுதுல்லா, அந்தக் கைப்பிடிச் சுவருல இடிச்சு சைக்கிள் நின்னு போச்சு. அவரு நிக்கல. அப்போ ஆத்துல தண்ணி கெடையாது, வெறும் பாறைதான். சைக்கிளுக்கு ஒரு கீறல் இல்ல சார். ஹேண்டில்பார் லேசாத் திரும்பியிருந்துச்சு, அவ்வளவுதான்.

பத்து பன்னெண்டு வருசம் இருக்கும். அன்னையிலருந்து அவ என் மூஞ்சியில முழிக்கல. எதிர்ல வந்தா சந்துக்குள்ள திரும்பிருவா. நானும் அடிக்கடி போய் நின்னு பாத்தேன். வேற ஒண்ணும் வேண்டாம்மா, அந்த சைக்கிளை ஒரே ஒருவாட்டி திறந்து பாக்க விடுன்னு கேட்டேன். கதவைச் சாத்திட்டா. தொழுவத்துக்கும் பூட்டுப் போட்டுட்டா. இப்போ என்னடான்னா உங்ககிட்ட குடுத்து விட்டிருக்கா. அவளுக்கு என்ன வேணும்? நான் திறந்து பாத்துட்டு, ஆமா என் கிரீஸுதான்னு வாயால சொல்லணும். அதானே?

உருட்டிக்கிட்டுத்தான வந்திய? ஓட்டிக்கிட்டு வரலைலா? நல்லது.

சொல்லுதேன், கேளுங்க. இந்த சைக்கிளுக்குக் கம்பி பிரேக்கு. கைப்பிடியை அமுக்குனா கட்டை மேல போய் ரிம்மோட உள்பக்கத்துல பிடிக்கும், சக்கரத்து நடுவுல இருக்கிற ஹப்பைப் பாத்த பக்கம். இப்போ வர்ற சைக்கிள் மாதிரி ரெண்டு பக்கத்துல இருந்து கவ்வாது. அதனால ஹப்புல இருந்து எதாவது வடிஞ்சா, போக்ஸ் கம்பி வழியா நேரா கட்டை பிடிக்கிற இடத்துக்குத்தான் போய்ச் சேரும். ரெண்டு பிரேக்கையும் சேத்துப் பிடிச்சாலும் வழுக்கிக்கிட்டே போகும். அன்னைக்கி நான் ஓடிப்போய் மொதல்ல அவரைத்தான் தூக்குனேன். பொறவு சைக்கிளைப் பாத்தேன். ரெண்டு ரிம்மும் உள்பக்கம் மினுமினுன்னு கெடக்கு. விரலை வச்சா ஈரம்.

அது கிரீஸ் இல்ல சார். கிரீஸ் அப்படி வராது. எண்ணெய். யாரோ எண்ணெய் ஊத்தியிருக்காங்க. யாரோ என்ன, மாப்ளதான் ஊத்தியிருப்பாரு, கை சும்மா இருக்காது அவருக்கு. இதைத்தான் நான் அன்னைக்கிலருந்து தொண்டை கிழியச் சொல்லுதேன்.

துட்டி வீட்டுல, எழவு கேக்க வந்த கூட்டத்துல, அவரோட சித்தப்பா எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாரு, சைக்கிள் கடைக்காரன் மச்சினனா இருந்து என்ன புண்ணியம், மலிவுக் கிரீஸை அள்ளி அப்பி விட்டிருக்கான், வெயில்ல உருகி வடிஞ்சு ஆளைக் கொன்னுட்டுன்னாரு. நான் ஆவுடையைப் பாத்தேன். ஒரு வார்த்தை, எங்க அண்ணன் அப்படிச் செய்யாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. சொல்லல சார். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, கை ரெண்டையும் முந்தானைக்குள்ள சுருட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம்? ஆமாங்கிறதுதான அர்த்தம். எனக்கு அது போதும்.

நட்டு இறுகிப் போச்சு. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைப்போம்.

நீங்க அந்தத் தகரத்தைப் பாத்தியளா? வாசல்ல, வெயில்ல, அந்த டப்பா மூடி. அதுல கருப்பா குமிச்ச மாதிரி இருக்கு பாருங்க. எல்லாரும் காக்கா எச்சம்னு நினைப்பாங்க. அதுதான் சார் அந்த வருசத்துக் கிரீஸு. மாப்ள சைக்கிளுக்கு நான் முந்தி வச்ச அதே டப்பாவுல இருந்து எடுத்தது. காரியம் முடிஞ்ச மறுநாள் அங்க வச்சேன். மழை வந்தா மட்டும் உள்ள எடுப்பேன். இத்தனை கத்திரி வெயில் பாத்திருக்கு. மேல தூசி படிஞ்சு கருத்துப் போச்சு, ஓரத்துல இம்மி வழிஞ்சிருக்கா? கிட்டப் போய்ப் பாருங்க. வச்ச இடத்துல நிக்கி.

கிரீஸுன்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைக்காங்க சார். மாட்டு வண்டிக்குப் போடுற மசகு இருக்கு, வெயில் பட்டதும் எண்ணெய் தனியா சக்கை தனியாப் பிரிஞ்சிரும். லாரிக்குப் போடுறது இருக்கு, கெட்டி. அதை சைக்கிளுக்கு வச்சா மிதிக்கிறவன் முட்டி கழண்டுரும். நமக்கு நடுவாந்தரமா வேணும். ரெண்டு விரல்ல எடுத்து ஒட்டி ஒட்டிப் பிரிக்கணும், சின்னதா நூல் விட்டு அறுந்துரணும். நீளமா இழுத்துக்கிட்டே வந்தாலும் ஆகாது, நூலே விடலைன்னாலும் ஆகாது. பொறவு வைக்கிற அளவு. ஹப்புக்குள்ள குண்டு ஓடுற கப்புல அரைவாசிக்குக் கிரீஸை வச்சு, அதுல குண்டை ஒண்ணொண்ணாப் பதிச்சு, மேல விரலால ஒரு தடவு. அவ்வளவுதான். அள்ளி அப்புனா தூசியைக் கூப்பிட்டு உள்ள உக்கார வைக்கிற கதை ஆயிரும். நானா சார் அள்ளி அப்புவேன்?

இப்போ மணி என்ன? பன்னெண்டு ஆகலைல்லா?

ஒண்ணுமில்ல. உச்சியாகும்போது ஒரு சத்தம் வரும். உங்களுக்குக் கேட்டா சொல்லுங்க.

வீட்டுல சொல்லுதா, உங்க காதுல கோளாறுன்னு. டாக்டர் விளக்கு அடிச்சுப் பாத்துட்டு காது சுத்தமா இருக்குன்னுட்டாரு. சுடலை கோயில் பூசாரி கயிறு கட்டி விட்டாரு, இந்தா, இது மூணாவது கயிறோ நாலாவதோ. ரோட்டுல ஈ காக்கா இருக்காது, தார் உருகுற வெயில். மேல புளியமரத்துப் பக்கத்துல இருந்து ஒரு சைக்கிள் இறங்கி வரும். கிர்ர்ர், டக். கிர்ர்ர், டக். அந்த 'டக்' இருக்குல்லா, ஒரு குண்டு மட்டும் ஓரம் உடைஞ்சு பொளிஞ்சு போனா அப்படித்தான் கேக்கும். இந்த ஊர்ல எந்த சைக்கிள் எந்தத் தெருவுல போகுதுன்னு நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அது மாப்ள சைக்கிள். கடை வரைக்கும் வரும். கடை முன்னால வந்து நிக்கும். நான் எட்டிப் பாப்பேன். வெயில் மட்டும்தான் கெடக்கும்.

பயமான்னா பயம்தான் சார், ஏன் பொய் சொல்லணும். பகல்ல வர்றதுக்கு என்ன செய்ய முடியும். ராத்திரி வந்தாலாவது விளக்கைப் போடலாம்.

அதனால சத்தம் போடுற சைக்கிளைக் கண்டா நான் விடுறதில்ல. ரோட்டுல போறவனை நிறுத்தி இறக்கி, கிரீஸ் வச்சுத்தான் அனுப்புவேன். கிறுக்கன்னு சொல்லிக்கிட்டே உக்காந்திருப்பான். கிணத்து உருளைக்கு வச்சேன், கோயில் கதவுக் கீலுக்கு வச்சேன். ஊர்ல கிரீச்சுன்னு ஒரு சத்தம் கெடையாது. ஆனாலும் உச்சியில அது வருது. கடையில எண்ணெய்க் கேனே கெடையாது பாத்துக்கிடுங்க. தூக்கி ஆத்துல எறிஞ்சிட்டேன்.

அந்தப் பலகையா? மேல ஒரு வரியைச் சுரண்டியிருக்கேன்ல, அதைக் கேக்கியளா. அது ஒரு கூத்து. அதுல மொதல்ல 'இங்கு ஓவராயில் செய்யப்படும்'னு எழுதியிருந்துச்சு. சைக்கிளைப் பூராக் கழட்டி, கழுவி, கிரீஸ் வச்சு மாட்டுறதுக்கு அப்படித்தான சொல்லுதோம். அதோட உண்மையான பேரு வேறயாம், ஓவர்ஹாலோ என்னமோ, இங்கிலீஷ் வாத்தியார் ஒருத்தர் சொன்னாரு. எனக்கு எதுக்கு அது. ஊரே ஓவராயில்னு சொல்லுது, பெயிண்டரும் அப்படியே எழுதிட்டான். ஓவராயில்ல ஒரு சொட்டு ஆயில் கெடையாது சார், அதான் வேடிக்கை.

பலகை மாட்டுன புதுசுல ஆவுடை எனக்கு மத்தியானச் சோறு கொண்டு வந்தா. என் வீட்டுக்காரி அப்போ பிரசவத்துக்குப் போயிருந்தா. தூக்குச்சட்டியை வச்சிட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கா. 'என்னண்ணே அது, ஓவராயிலு'ங்கா. நான் சும்மா இருப்பேனா. 'அதுவா, சைக்கிளுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறது. தலை நிறைய எண்ணெய் வச்சா உனக்குச் சூடு தணியுதுல்லா, அது மாதிரி இதுக்கும்'னேன். அவ அப்படியே மண்டையை ஆட்டுதா. நான் சிரிச்ச சிரிப்புல புரையேறிப் போச்சு. சின்னதுல இருந்தே அப்படித்தான், அண்ணன் சொன்னா அவளுக்கு வேதவாக்கு.

எண்ணெய்ன்னா அவளுக்கு அப்படி ஒரு கிறுக்கு. எங்கம்மா காய்ச்சின மாதிரியே காய்ச்சுவா. தேங்காயெண்ணெயில கரிசலாங்கண்ணி, வெந்தயம், கருஞ்சீரகம் எல்லாம் போட்டு. வடிகட்ட மட்டும் மாட்டா, சத்து போயிருமாம். தலைக்குத் தேச்சா கருஞ்சீரகம் பேன் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும். எனக்கும் மாசம் ஒரு பாட்டில் குடுத்து விடுவா. என் மண்டையைப் பாருங்க சார், இதுல எதுக்கு எண்ணெய். ஆனாலும் குடுத்து விடுவா. அதெல்லாம் அந்தக் காலம்.

ஊறிட்டு. இப்போ கழண்டுரும். இந்தச் சாவியைப் பிடிங்க. ம், வருது.

மாப்ளயைப் பத்திச் சொல்லணும்னா தங்கமான மனுசன். எங்களுக்குள்ள சண்டை சச்சரவெல்லாம் கெடையாது. கடைசியா ஒரு வாரமா இந்தப் பின் சக்கரம் சத்தம் போடுதுன்னு வந்தாரு. 'மச்சான், ஓவராயில் பண்ணணும்'னாரு. பள்ளிக்கூடம் திறந்த நேரம், கடை நிறைய சைக்கிள். நாளைக்கு வாங்க மாப்ளேன்னேன். மறுநாளும் வந்தாரு. மறுநாளும் நாளைக்கு வாங்கன்னேன். அவரு அப்போ தென்காசியில போய் ரெண்டு டயர் வாங்கி மாட்டியிருந்தாரு. சொந்த மச்சினன் கடை வச்சிருக்கும்போது தென்காசியில. நானும் விளையாட்டாத்தான் சொன்னேன், 'டயர் குடுத்தவன்கிட்டயே போய்க் கிரீஸையும் வைக்கச் சொல்லுங்க'ன்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் போனாரு. கோவிச்சுக்கிட்டதா எனக்குத் தெரியல. கிர்ர்ர் டக், கிர்ர்ர் டக்குன்னு மேட்டுல தள்ளிக்கிட்டே போனாரு. கூப்பிட்டா கேட்டிருக்கும். எனக்கு வேலை இருந்துச்சு சார். வேலை இல்லைன்னா நான் செய்யாம இருப்பேனா?

அவரு அத்தோட கடைக்கு வரல. அடுத்தாப்புல மேட்டுல இருந்து இறங்குனதுதான்.

இந்தா, குண்டை இறுக்கிப் பிடிக்கிற கோன் வந்துட்டு. இனிமே நீங்களே சாட்சி. நான் ஒண்ணும் மறைக்கல, உங்க கண்ணு முன்னாலதான் திறக்கேன். உள்ள கிரீஸ் கிரீஸா இருந்துச்சுன்னா நான் குத்தவாளி. எண்ணெய் பட்டு இளகியிருந்துச்சுன்னா அது மாப்ள கைவேலை. அப்போ நீங்க போய் அவகிட்ட சொல்லணும். உங்க அண்ணன் மேல ஒரு தப்பும் கெடையாதும்மான்னு. அது ஒண்ணுக்காகத்தான் சார் நான் இந்தச் சரிவை விட்டுப் போகாம உக்காந்திருக்கேன்.

பாத்தியளா. பாத்தியளா சார். இது கிரீஸா? நீங்களே தொட்டுப் பாருங்க. பிசின் மாதிரி ஒட்டுது. எண்ணெய் விட்டு நாள்பட்டா இப்படித்தான் ஆகும். கிரீஸை அரிச்சுக் கொண்டு போயிட்டு. கப்புல ஓரமா கொஞ்சூண்டு நிக்கி, அது நான் வச்சது. பொளிஞ்ச குண்டு இந்தா இருக்கு. நடுவுல இந்த ஓட்டை தெரியுதா, பட்டை போட்டு மூடியிருக்கே, கம்பெனிக்காரன் எண்ணெய் விடுறதுக்கு வச்சது. நான் அதைத் திறக்கவே மாட்டேன். இந்த வழியாத்தான் ஊத்தியிருக்காரு. ஒரு சொட்டு ரெண்டு சொட்டு இல்ல, பாட்டிலோட கவுத்திருக்காரு. நான் சொன்னேன்லா. இத்தனை வருசமா நான் சொன்னேன்லா.

வெளிச்சத்துக்கு வாங்க, குழலுக்குள்ள பாப்போம். துணியை விட்டு உருவுதேன். பச்சைக் கருப்பா வருது பாருங்க. என்ன எண்ணெயோ...

இருங்க.

ஒண்ணுமில்ல சார். கண்ணாடியைத் துடைச்சுக்கிடுதேன்.

துணியில ஒட்டியிருக்கிற இந்தக் கருப்பு துரு இல்ல. துருன்னா நசுக்குனா பொடியும். குண்டு ஓடுற இடத்துல கெடந்தா அரைஞ்சிருக்கும், இது நடுக் குழல்ல முழுசா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. இன்னொண்ணு. இந்தா இன்னொண்ணு.

வேண்டாம் சார், நீங்க பாக்க வேண்டாம். ஏதோ விதை. காத்துல வந்து விழுந்திருக்கும்.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? இல்ல, பானையில இருக்கு. நானே எடுத்துக்கிடுதேன்.

மாப்ள வீட்டுல போய்ச் சொல்லியிருப்பாருல்லா. மச்சானுக்கு ஓவராயில் பண்ண நேரமில்லையாம்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லியிருப்பாரு. இதுக்கா போய் அண்ணனைத் தொந்தரவு பண்ணணும்னு நினைச்சிருப்பா. நம்ம வீட்டுல இல்லாத எண்ணெயான்னு... ரெண்டு சக்கரத்துக்கும். அவ எதையும் கொஞ்சமா செய்யத் தெரியாதவ சார்.

கையை முந்தானைக்குள்ள வச்சிருந்தா. நான் வேற என்னமோ நினைச்சேன்.

இல்ல, உங்ககிட்ட இல்ல. நான் பாட்டுக்குப் பேசுதேன். வெயிலு.

மண்ணெண்ணெயில நல்லாக் கழுவிருவோம். முன் சக்கரத்தையும் கழட்டிருதேன், அதையும் கழுவணும். இந்தத் துணியை அடுப்புல போட்டுரணும். குண்டெல்லாம் புதுசு மாத்துதேன். கப்பு பரவால்ல, துடைச்சா பளிச்சுன்னு ஆயிரும். பொறவு அரைவாசிக்குக் கிரீஸு. குண்டு. மேல ஒரு தடவு. கோனை இறுக்கிட்டு ஒரு சுத்துப் பின்னால விடணும். ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. ரிம்மை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கேன், பிரேக்குக் கட்டை புதுசு போடுதேன். காசைப் பத்திப் பேசாதிய. இந்தா, மாட்டியாச்சு, சக்கரத்தைச் சுத்தி விடுங்க. கேக்குதா? ஒண்ணும் கேக்கல. நல்லா ஓடுது.

போகும்போது சரிவுல ஓட்டாதிய. மேல போய் ஏறிக்கிடுங்க.

வீட்டுக்குப் போனதும் வாசல்லயே நிப்பா, பாத்துக்கிடுங்க. இன்னைக்கி அவளுக்கு வேற சோலி ஓடாது. திறந்து பாத்தாரா, உள்ள என்ன இருந்துச்சுன்னு கேப்பா. வேற எதுக்கு உங்ககிட்ட குடுத்து விட்டிருக்கா. நீங்க என்ன சொல்லணும்னா... அண்ணன் திறந்து பாத்தாரு. உள்ள எண்ணெய் கிண்ணெய் ஒரு சொட்டு இல்ல. பூராக் கிரீஸுதான், மலிவுக் கிரீஸு, வெயில்ல உருகி வடிஞ்சிருக்கு. அதை அவரே வாயால ஒத்துக்கிட்டாருன்னு சொல்லுங்க. சித்தப்பா சொன்னதுதான் சரின்னு சொல்லுங்க. ஒருவாட்டிக்கு ரெண்டுவாட்டி கேப்பா, நம்ப மாட்டா. நல்லாப் பாத்தாரா, வேற ஒண்ணுமே இல்லையான்னு கேப்பா. என் கண்ணால பாத்தேம்மா, கிரீஸுதான்னு நீங்க அடிச்சுச் சொல்லணும்.

பொய் இல்ல சார். நீங்க என்ன கண்டிய. உங்களுக்குக் கிரீஸுக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியுமா? தெரியாதுல்லா. தெரியாமலே இருங்க.

அந்தத் தகரத்தையா? ஆமா, எடுத்து உள்ள வைக்கேன். இனிமே அது வெளிய இருக்கக் கூடாது. அவ ஒருநாள் இந்தப் பக்கம் வந்தாலும் வருவா. வந்தா இது கண்ணுல படக் கூடாது.

உங்களுக்குக் கேக்குதா சார்? மேல, புளியமரத்துப் பக்கம். கிர்ர்ர், டக்.

கேக்கலையா. இந்த சைக்கிள் இல்ல, இது சத்தம் போடாது, இப்பத்தான பாத்தோம். இது வேற. சரி விடுங்க. பாலத்துக்குப் போகாது, இங்கதான் வந்து நிக்கும். சொன்னேன்லா.

அந்த ஸ்டூலை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வச்சிட்டுக் கிளம்புங்க. மத்த வேலையெல்லாம் அப்படியே கெடக்கட்டும்னு வச்சிருக்கேன். மாப்ள வந்து நிக்காரு, இன்னைக்கே செஞ்சு குடுத்துரணும்.